ஊத்துக்கண்ணில் வந்த மஞ்சள்

என் வீட்டுக்காரி ஜெயக்கொடி கிணற்றுக்குள் நாடா இறக்குவதை நீங்கள் ஒருதரம் பார்க்க வேண்டும். கல்லுக்கட்டுக் கிணறோ, போர்வெல் குழாயோ, எதுவானாலும் அவளுக்கு ஒன்றுதான். இரும்பு நாடாவின் நுனியில் ஒரு முழத்துக்குச் சாக்பீஸைத் தேய்ப்பாள். மெதுவாக இறக்குவாள். தண்ணீரைத் தொட்டதும் நாடாவில் ஒரு சின்னத் துடிப்பு தெரியும் என்பாள். நானும் பிடித்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. மேலே இழுத்து, சாக்பீஸ் நனைந்த இடமும் காய்ந்த இடமும் பிரிகிற கோட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். அதோடு விடமாட்டாள். நாடாவைத் துடைத்து, மறுபடி சாக்பீஸ் தேய்த்து, மறுபடி இறக்குவாள். இரண்டு அளவும் ஒத்துப்போனால்தான் அடுத்த கிணறு.

சமயநல்லூருக்கு வடக்கே ஆடு மேய்க்கிறவர்கள் அவளைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்கள்.

"ஏத்தா, கிணத்துக்குக் காய்ச்சலா? டெம்பரேச்சர் பாக்குறியாக்கும்?"

"ஆமா மாமா. அடுத்து ஒங்களுக்குத்தேன். வாயைத் தெறங்க."

என் பெயர் அழகுபாண்டி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுதிப் பழக்கம் இல்லாதவன். ஆனால் ஈச்சங்காட்டில் நடந்ததை ஸ்டாண்டில் ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூட இருந்தவன் நான். நானே சொல்லிவிடுவது நல்லது என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

ஜெயக்கொடி பிறந்தது திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில். பருத்தி எடுத்த கை. எட்டாவது வரைக்கும் படித்தாள். எனக்கு வாக்கப்பட்டு சமயநல்லூர் வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. எங்களுக்கு ஒரே மகள், திவ்யா. அவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கிணறுகளில் மாதம் இரண்டு தரம் நீர்மட்டம் பார்த்து எழுத ஊருக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மகளிர் குழுவில் வந்து கேட்டார்கள். வெயிலில் அலைகிற வேலை. ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. இவள் தூக்கினாள். வீட்டுக்கு வந்ததும், "எதுக்குப் புள்ள ஒனக்கு இந்தச் சோலி?" என்று கேட்டேன்.

"மேல நடக்குறதை எல்லாரும் பாக்குறாக. கீழ என்ன நடக்குதுன்னு நான் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

பதினாலு கிணறு. மழை நாளிலும் போனாள். வெயில் அக்கினியாகக் கொளுத்தின நாளிலும் போனாள். அந்த நோட்டுத்தான் அவளை மலைக்குக் கொண்டுபோனது.

மதுரையில் ஒரு கல்லூரியில் பாறை, மண், அடித்தண்ணீர் பற்றிப் பாடம் எடுக்கிற சாருலதா மேடம் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வடக்கு வட்டாரத்தில் நீர்மட்டம் எழுதுகிற ஆட்களின் நோட்டையெல்லாம் வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஜெயக்கொடியின் நோட்டைப் புரட்டினவர்கள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு தேதிக்கு நேரே, "அளக்கல. மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி" என்று இருந்தது.

"இதை ஏன் இப்படி எழுதினீங்க? முந்தின தடவை அளவுக்குப் பக்கமா ஏதாவது ஒரு நம்பர் போட்டிருந்தா யாருக்கும் தெரியாதே" என்று மேடம் கேட்டார்கள். சோதிக்கத்தான் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

"போகாத கிணத்துக்கு எப்படிங்க மேடம் நம்பர் போடுறது?" என்று ஜெயக்கொடி திருப்பிக் கேட்டாள்.

மேடம் சிரித்தார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே போன் வந்தது. மலையில் ஒரு வேலை இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று. ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போக வேன் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் நானும் சேர்ந்துகொண்டேன்.

ஈச்சங்காடு என்பது வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, மெயின் ரோட்டை விட்டு ஒதுங்கிப் போனால் வருகிற சின்ன ஊர். முப்பத்தொரு வீடு. மலைவாழையும் எலுமிச்சையும் போட்டிருக்கிற சனங்கள். ஊர் சரிவில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஒரு மேட்டுச் சமவெளி, அதில் ஒரு ஓடை. அந்த ஓடை பாதி வழியில் ஒரு பாறை வெடிப்புக்குள் இறங்கி மறைந்து போகிறது. போன இரண்டு மழைக்கும் ஊர் ரோட்டில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. அம்மன் கோயில் படிக்கட்டு சுவரை விட்டு விலகி நின்றது. மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தன.

அந்த வெடிப்புக்குள் போகிற தண்ணீர் எங்கே போகிறது? கேள்வி அது ஒன்றுதான்.

ஊருக்கு மேற்கே பள்ளத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. அம்மன் ஊத்து என்பார்கள். வெடிப்பில் இறங்குகிற தண்ணீர் அந்த ஊற்றில் வெளியே வந்துவிட்டால் பயமில்லை. வீடுகளுக்குக் கீழே மண் காய்ந்து இருக்கிறது என்று அர்த்தம். சனங்கள் அங்கேயே இருக்கலாம், ரோட்டுக்கு ஒரு சுவர் கட்டினால் போதும். ஆனால் அது வீடுகளுக்கு அடியில் போய்த் தேங்குகிறது என்றால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரையே கீழே இறக்கியாக வேண்டும்.

ஜெயக்கொடி இதை ஊர்ப் பெண்களுக்கு ஒரு கல்லை வைத்துத்தான் சொன்னாள். துவைக்கிற கல்லின் மேல் சோப்புக் கட்டியை வைத்தாள். "காஞ்ச கல்லுல சோப்பு உக்காந்துக்கிரும். இப்பப் பாருங்க" என்று அடியில் ஒரு கை தண்ணீர் விட்டாள். சோப்பு வழுக்கிக்கொண்டு போய் மாயக்காள் காலடியில் விழுந்தது.

"எங்க வீடு சோப்பு இல்லத்தா, கான்கிரீட்டு" என்றாள் மாயக்காள்.

இந்த மாயக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. மகளும் பேரப்பிள்ளையும் ஒரு பசுமாடும் கூட இருக்கிறார்கள். தளம் போட்ட வீட்டை இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கட்டி முடித்திருந்தாள். கல்லும் மணலும் அவளே தலையில் சுமந்தது. எங்கள் எல்லாருக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. சோறு போடும்போதே சொல்லிவிடுவாள்: "நல்லா அளங்க, நல்லாத் தின்னுங்க. ஆனா எந்திரிச்சுப் போங்கன்னு மட்டும் சொல்லிராதீக."

புரட்டாசியில் வேலை மும்முரமாக நடந்தது. சரிவில் ஆறு இடத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கியிருந்தார்கள். ஐந்தாம் நம்பர் குழாய் மாயக்காள் அடுப்படிக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேடம் ஒரு பொட்டலம் சாயப் பொடியை வாளித் தண்ணீரில் கரைத்து வெடிப்புக்குள் ஊற்றினார்கள். காய்ந்த பொடி செங்கல் நிறம். தண்ணீரில் விழுந்ததும் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளவென்று நின்றது. குடித்தாலும் கெடுதல் இல்லாத சாயம் என்று சொன்னார்கள். அதில் ஒரு பாட்டில் மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டோம். இனி ஊற்றிலும் ஆறு குழாயிலும் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணீர் எடுக்க வேண்டும். எதில் சாயம் வருகிறதோ அதுதான் தண்ணீர் போகிற வழி.

பாட்டில் எல்லாம் ஜெயக்கொடியின் பொறுப்பு. கூட, மேடத்திடம் வேலை பார்க்கிற கிரீஷ் தம்பி. மதுரைப் பையன், இருபத்தாறு வயசு, நல்ல சுறுசுறுப்பு. எதையும் ஓடிக்கொண்டே செய்வான். ஊரில் அந்த வாரம் முத்தாலம்மன் திருவிழா. "அஞ்சு நாளைக்கு ஊத்துப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. துவைக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, மாட்டைக் கொண்டுபோகக் கூடாது" என்று கிரீஷ் மைக்கில் சொன்னான். சனங்கள் சரி என்றார்கள். சொன்ன சொல் தப்பவில்லை. ஒரு மாடுகூட அந்தப் பக்கம் போகவில்லை.

மேடம் புதன்கிழமை மதுரைக்கு இறங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, திருவிழாக் கடைசி நாள், காலை எட்டு மணிக்கு ஊற்றில் எடுத்த பாட்டில் மஞ்சளாக இருந்தது.

கிரீஷ் குதித்தான். கைவிளக்கை அடித்துப் பார்த்தான், உள்ளே பச்சை மினுமினுத்தது. "அக்கா, வந்துருச்சு! ஊத்துல வந்துருச்சு!"

"அந்த மாதிரி பாட்டிலோட வச்சுப் பாத்துருவமா தம்பி?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"அது பெட்டியில அடியில கெடக்குக்கா. வெளக்குலயே மின்னுதே, இன்னும் என்ன?" என்று சொல்லிக்கொண்டே அவன் போனை எடுத்துவிட்டான். அடுத்த வாரம் மழை இருக்கிறது என்று தாலுகா ஆபீஸ் அதிகாரிகள் நாளெல்லாம் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாவம், அவனுக்கும் அவசரம். "ஊத்துல வருது சார், ஊர் சேஃப்" என்று சொல்லிவிட்டான்.

அரை மணியில் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. கொட்டு அடித்தார்கள். மாயக்காள் ஒரு சொம்பு மஞ்சத் தண்ணியைக் கொண்டுவந்து கிரீஷ் தலையில் ஊற்றினாள். "மாப்ள, நீ மகராசனா இருப்ப!" என்றாள். மதியம் பாயாசத்தோடு சோறு. சாயங்காலம் நாங்கள் பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம்.

சனி, ஞாயிறு கல்லூரி லீவு. பாட்டில் பெட்டியைத் திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று எங்கள் வீட்டிலேயே இறக்கினோம். சனிக்கிழமை காலையில் ஜெயக்கொடி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து நோட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இங்கிட்டு வாங்க."

போனேன். அடுப்படி ஜன்னலில் இரண்டு பாட்டில் வைத்திருந்தாள். ஒன்று செவ்வாய்க்கிழமை எடுத்த மாதிரிச் சாயம். இன்னொன்று வெள்ளிக்கிழமை ஊற்றில் எடுத்தது.

"என்ன தெரியுது?"

"ரெண்டும் மஞ்சளாத்தேன் இருக்கு."

"நல்லாப் பாருங்க. இது அஞ்சு நாளாச்சு, கரைஞ்சது கரைஞ்சபடி நிக்குது. இது ஒருநாத்தேன் ஆகுது, அடியில மண்டியா உக்காந்திருக்கு."

உண்மைதான். ஊற்றுத் தண்ணீர் பாட்டிலின் அடியில் நைசாக ஒரு மஞ்சள் படிவு. மேலே தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது.

அவள் கையை நீட்டினாள். "ஒங்க சுண்ணாம்பு டப்பாவைக் குடுங்க."

நான் வெற்றிலை போடுகிறவன். அதற்காக அவளிடம் வாங்காத பேச்சு இல்லை. டப்பாவைக் கேட்கிறாளே, தூக்கி எறியத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றில் மாதிரிச் சாயத்தில் கொஞ்சம், இன்னொன்றில் பாட்டிலைக் குலுக்கி ஊற்றுத் தண்ணீரில் கொஞ்சம். சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து முதல் தட்டில் கலக்கினாள். நிறம் மாறவில்லை. பச்சையும் மஞ்சளுமாக அப்படியே இருந்தது. இரண்டாவது தட்டில் கலக்கினாள்.

சிவந்துவிட்டது. ஆரத்தித் தண்ணீர் மாதிரி.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்த எந்த வீட்டுக்குத்தான் தெரியாது? பாட்டிலில் வந்தது மேடத்தின் சாயம் இல்லை. சமையல் மஞ்சள்.

"ஊத்துல ஒருத்தரும் எறங்கலன்னு ஊரே சொல்லுச்சு. பொய் சொல்ற சனம் இல்ல. பெறகு எப்படி வந்துச்சு?" என்று அவள் தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். நான் வாசல் பக்கம் திரும்பினேன். இருபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என் முகம் தெரியாதா.

"ஏங்க?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் நான் குளித்துவிட்டுக் கோயில் பக்கம் நின்றேன். இவள் மேல் குழாய்களில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பூசாரி பேயாண்டி என்னைப் பார்த்து, "டிரைவரு தம்பி, குளிச்சு முழுகி நிக்கிறீக. இந்தக் கொடத்தைப் புடிங்க" என்றார். அம்மனுக்கு அபிஷேகம் பண்ணின மஞ்சள் நீரில் முதல் குடத்தை ஊத்துக்கண்ணில் விட வேண்டுமாம். ஊத்து அம்மனுடையது, அவளுக்குத்தான் முதலில் என்று அங்கே ஒரு வழக்கம். வெளியூர்க்காரனுக்கு அந்தக் குடத்தைத் தொடக் கொடுக்கிறார்களே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. சுமந்துகொண்டு போனேன். நானும் சேர்ந்துதான் ஊற்றினேன்.

"ஒருத்தரும் ஊத்துக்குப் போகக் கூடாதுன்னு மைக்கில சொன்னது காதுல விழுகலயா?"

"விழுந்துச்சு. அது மனுசங்களுக்குல்ல சொன்னது. இது சாமி காரியம்..."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. பூசாரிக்கும் தோன்றவில்லை. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் ஊத்தில் ஒன்றும் கலக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அம்மனுக்கு அம்மன் மஞ்சளைக் கொடுத்ததைக் கலந்ததாக யார் நினைப்பார்கள்?

"அம்மன் கோவிச்சுக்கிருவாளோ ஜெயக்கொடி? அவ மஞ்சளே இப்படி ஊரை ஏமாத்தும்படி..."

"அம்மன் எங்க ஏமாத்துனா? கீழ மண்டியா உக்காந்து காட்டிக் குடுத்தவளே அவதேன். சொல்லாம விட்டது நீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

உடனே மேடத்துக்குப் போன் போட்டாள். போனை ஸ்பீக்கரில் வைத்தாள். கிரீஷும் அந்தப் பக்கம் இருந்தான்.

"என்னக்கா, சுண்ணாம்பை வச்சு சயின்ஸா? நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன்கா. இப்பப் போயி இல்லேன்னா என்னைக் காய்ச்சி எடுத்துருவாங்க."

"ஒன்னையக் காய்ச்சுனா நாளைக்கு ஆறிரும் தம்பி. அந்தப் புள்ளைக்குட்டிக மேல மண்ணு விழுந்தா ஆறுமா?"

பிறகு மேடம் பேசினார்கள். "ஜெயக்கொடி, ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு இப்பவே வாங்க. லேபைத் திறக்கச் சொல்றேன்."

ஆரப்பாளையம் சிக்னல்களில் நான் எந்த நாளும் அப்படி ஓட்டினதில்லை. கல்லூரி மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். ஊற்றுத் தண்ணீரில் சாயம் ஒரு துளிகூட இல்லை. மஞ்சள்தான். மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, ஜெயக்கொடியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். கிரீஷ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "தப்பு எம்மேல மேடம். நானே ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்" என்றான். சொல்லவும் செய்தான். அதனால்தான் அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலை ஏறினோம். ஊற்றிலும் எல்லாக் குழாயிலும் திரும்பத் தண்ணீர் எடுத்தாள். ஊற்று தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஐந்தாம் நம்பர் குழாயில் இருந்து மேலே வந்த பாட்டிலில் லேசாகப் பச்சை தட்டியது. பத்து மணிக்கு எடுத்தது இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. மாயக்காள் அடுப்படிக்குப் பின்னால், பதினெட்டு அடி ஆழத்தில், மேட்டு ஓடையின் தண்ணீர் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஊர் கொதித்துவிட்டது.

"வெள்ளிக்கிழம சேஃப்பு, திங்கக்கிழம ஆபத்தா? என்னய்யா வெளையாட்டு?" என்று ஆண்கள் சுற்றி நின்றார்கள். மாயக்காள் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். "எஞ் சோத்தைத் தின்னுட்டு எங் கொல்லையிலயே சாயத்தைக் கலந்துட்டியாடி? எங்களை எந்திரிக்க வைக்கணும்னு எவன் சொல்லிவிட்டான்?"

நான் நடுவில் போய் நின்று, ஊத்துக்கண்ணில் மஞ்சள் ஊற்றினதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பூசாரி பேயாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆமாப்பா, நானுந்தேன். வருசா வருசம் ஊத்துறது. அது இதுல வந்து சேரும்னு யாரு கண்டா?" என்றார். கொஞ்சம் பேர் அடங்கினார்கள். மாயக்காள் அடங்கவில்லை.

ஜெயக்கொடி தண்ணீர் எடுக்கிற குழல், கயிறு, கழுவின பாட்டில், என் சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் மாயக்காள் கையில் கொடுத்தாள்.

"மதினி, நான் தொடல. நீங்களே எறக்குங்க. நீங்களே எடுங்க."

மாயக்காள் முறைத்தாள். ஆனாலும் குழலை வாங்கி ஐந்தாம் நம்பர் குழாய்க்குள் இறக்கினாள். மேலே இழுத்தாள். பாட்டிலில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தாள். பச்சை. சுண்ணாம்பை எடுத்துக் கலக்கினாள். அவள் வீட்டிலும் ஆரத்தி கரைத்தவள்தானே. சிவக்கும் சிவக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டாள். அப்போதும் பச்சைதான்.

"இம்புட்டுத் தண்ணியா எங் கால்மாட்டுல கெடக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா மதினி. மழை வந்தா இன்னும் ஏறும்."

மாயக்காள் பாட்டிலைக் கீழே வைத்தாள். வீட்டுச் சுவரை ஒருதரம் தடவினாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "பாத்திரத்தைக் கட்டுடி" என்றாள். அவள் சொன்ன பிறகு ஊரில் மறுபேச்சு இல்லை.

செவ்வாயும் புதனும் என் வேன் எத்தனை நடை போனது என்று எனக்கே தெரியாது. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இடம் கொடுத்தார்கள். மாடுகள் நடந்தே இறங்கின. அம்மனைப் பேயாண்டி பூசாரி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். கடைசி வளைவில், "நம்ம குத்தம் நமக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி. அவ நம்மளை விடல, பாத்தீகளா" என்றார். நான் ஸ்டீரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புதன் மதியமே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறக்கக்கூட இல்லை. வியாழன் முழுக்கக் கொட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பிள்ளைகளுக்கு உப்புமா கொடுத்துக்கொண்டிருந்தோம். மலைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய லாரியில் இருந்து ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி. அது நிற்காமல் ரொம்ப நேரம் வந்தது.

மழை ஓய்ந்து ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்தாம் நம்பர் குழாய் இருந்த சரிவு அப்படியே கீழே போய்விட்டது. பதினொரு வீடு இல்லை. மாயக்காள் வீட்டில் முன்வாசல் படி ஒன்று மட்டும் நிற்கிறதாம். மனுசர் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. மாடு, கன்று, கோழி வரைக்கும் கீழே இருந்தது.

மாயக்காள் அழுதாள். வீட்டுக்காக வாய்விட்டு அழுதாள். ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அழவிட்டாள். மாயக்காளின் பேரப்பிள்ளை உப்புமாத் தட்டோடு இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது மேட்டில் இருந்து வருகிற தண்ணீரை வழியிலேயே பிடித்து வெளியே விட, சரிவில் படுக்கைவாட்டில் துளை போடுவதற்கு மேடம் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கிற இருபது வீட்டுக்கும் அதுதான் காவல். எங்கெங்கே துளை போடுவது என்பதற்கு ஜெயக்கொடி மலையில் எழுதின நோட்டைத்தான் மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

மண் சரிந்த அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு அதிகாரி பேரெழுத வந்தார். வீடு போனவர்கள் வரிசையில் நின்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயக்கொடியும் மாயக்காளோடு நின்றாள். அதிகாரி தலை நிமிராமல், "உங்க வீடு எதும்மா?" என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு இங்க வீடு இல்ல சார்."

"பிறகு எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?"

மாயக்காளுக்கு வந்ததே கோபம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், மத்தவுக பேரைப் பெறகு எழுதுங்க, மொதல்ல இவ பேரை எழுதுங்க. ஜெயக்கொடி. இவ சொல்லலேன்னா நீங்க இப்ப எங்க பேரை வேற லிஸ்டுல எழுதிக்கிட்டு இருப்பீக."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஆமாம், ஆமாம் என்றார்கள்.

"நீங்கதான் அந்த மஞ்சளைக் கண்டுபிடிச்சவங்களா? இன்ஜினியரா நீங்க?"

"இல்ல சார், எட்டாவது. தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு பாக்குற வேலை."

அவர் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். ஜெயக்கொடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை மட்டும் தூக்கினாள். நான் உப்புமா வாளியோடு வாசலில் நின்றிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே போய்ச் சொன்னேன்:

"நான் இவுக வீட்டுக்காரர் சார்."